வேலியில்லாத ஊர்

(பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலக் கிராமம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தெரிகிறது? பச்சைப் பசேலென்ற மேடுபள்ளம், அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் புதர்வேலிகள், நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம். சினிமாவில் பார்த்திருக்கிறோம், நாட்காட்டியில் பார்த்திருக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளாக அது அப்படியேதான் இருந்துவருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரியல்ல. அங்குள்ள புதர்வேலிகளில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின்படி நட்டு வளர்த்தவை. அதற்கு முன் அங்கே வேலி கிடையாது. ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ மாபெரும் வயல்கள் விரிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர். அதற்குள் ஊர் உழவர்கள் அத்தனை பேருக்கும் துண்டு துண்டாக நிலம் இருக்கும்.

அந்தப் பழைய ஏற்பாட்டில் இன்றும் உழுது விதைத்து, அதைக் காக்கும் ஊர் நீதிமன்றத்தையும் நடத்திவரும் ஊர் ஒன்று மிஞ்சியிருக்கிறது. லாக்ஸ்டன் என்பது அதன் பெயர். டெவன் மாவட்டத்து பிராண்டனிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் வேலியில்லாத வயல்கள் கொஞ்சம் எஞ்சியுள்ளன. ஆனால் வயலும் பயிர்முறையும் நீதிமன்றமும் ஒன்றாகச் சேர்ந்து பிழைத்திருப்பது லாக்ஸ்டனில்தான். இன்று மாலை அந்த ஓர் ஊரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மேபோல் நடனம், மோரிஸ் ஆட்டம், அறுவடை விழா என்று ஆங்கிலக் கிராம மரபுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அவையும் அழகானவைதான். ஆனால் ஊரை ஊராகக் கட்டி வைத்தது எது என்று கேட்டால், என் விடை மண்ணில்தான் இருக்கிறது.

லாக்ஸ்டன் நாட்டிங்ஹாம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ராபின் ஹூட் கதைகளில் வரும் அதே ஷெர்வுட் காடுதான். இடைக்காலத்தில் லாக்ஸ்டனின் பிரபுக்கள் பரம்பரையாக அந்தக் காட்டின் காவலர்களாகவும் இருந்தார்கள். ஊருக்கு வடக்கே அவர்களுடைய கோட்டை மேடு இன்னும் நிற்கிறது. கட்டடம் எதுவும் இல்லை. நார்மன் காலத்தில் குவித்த மண்மேடும் அகழியும் மட்டும் புல் மூடிக் கிடக்கின்றன. வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே நிலக்கணக்கில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது. புனித மைக்கேல் தேவாலயத்தில் அந்தப் பிரபுக்களான எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம். மரச்சிற்பம் ஆறு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பது அபூர்வம்.

ஊரின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் பல இடங்களில் பண்ணைவீடு அந்தந்தப் பண்ணையின் நடுவில் தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணைவீடுகளும் தொழுவங்களும் களஞ்சியங்களும் ஊர்த்தெருவிலேயே, பக்கவாட்டைத் தெருப்பக்கம் காட்டி வரிசையாக நிற்கின்றன. காரணம் எளிது. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லை. தெற்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம், காற்றாலைப் பக்கம் கொஞ்சம். அப்படியிருக்க, ஊரின் நடுவில் குடியிருந்துகொண்டு நாலா பக்கமும் போய்வருவதுதான் வசதி.

வயல்கள் மூன்று: சவுத் ஃபீல்டு, வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு. மூன்றாண்டுச் சுழற்சி. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். இரண்டாவதில் வசந்தத்தில் பார்லியோ ஓட்ஸோ, பட்டாணி, அவரை போன்ற பயறு வகையோ. மூன்றாவது வயல் அந்த ஆண்டு தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு படி நகரும். தரிசு விட்ட வயலைக் கோடையில் திரும்பத் திரும்ப உழுது களையை அழிப்பார்கள். ஊர் ஆடுமாடு அதில் மேயும். சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு எருவாகும். அறுவடை முடிந்த தாள்களிலும் அப்படியே பொதுமேய்ச்சல். அந்த மேய்ச்சல் வழக்கம் இன்று தேய்ந்துவிட்டது. ஆனால் சுழற்சி நிற்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் யாரும் தன் இஷ்டத்துக்குப் பயிரிட முடியாது என்பதைப் பார்க்கிறீர்கள். உங்கள் துண்டு கோதுமை வயலில் இருந்தால் நீங்களும் கோதுமைதான் விதைக்க வேண்டும். பக்கத்துக்காரர் அறுத்து முடித்து மந்தை உள்ளே வரும் நாளில் உங்கள் பயிர் மட்டும் பச்சையாக நிற்க முடியாது. நிலம் அவரவர் பொறுப்பு, விளைச்சல் அவரவருக்கு. காலக்கணக்கு மட்டும் ஊருடையது.

நிலம் ஏன் இப்படிச் சிதறியது? நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று பங்கு வைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். மழை ஒரு பக்கம் கெடுத்தால் மறுபக்கம் கைகொடுக்கும் என்பது இன்னொன்று. சார்லஸ் ஓர்வின், கிறிஸ்டபெல் ஓர்வின் என்ற கணவன் மனைவி இருவரும் லாக்ஸ்டனை ஆதாரமாக வைத்து எழுதிய ‘தி ஓப்பன் ஃபீல்ட்ஸ்’ என்ற நூல் 1938இல் வந்தது. அவர்கள் ஏரிலிருந்து தொடங்கினார்கள். லாக்ஸ்டன் மண் கனத்த செங்களிமண். மழைக்காலத்தில் காலை விடாது, வெயிலில் செங்கல்லாகும். அதைப் புரட்ட நாலு ஜோடி மாடு பூட்டிய கனத்த கலப்பை வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான ஏரைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே எவ்வளவு தூரம் நேராகப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்த்தான் திருப்புவார்கள். ‘ஃபர்லாங்’ என்ற அளவு அங்கேதான் பிறந்தது: மாடுகள் ஒரே மூச்சில் உழுதுபோகும் சால் நீளம், 220 கஜம். அந்த நீளமும் 22 கஜ அகலமும் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒரு நாள் உழவு. பல வீட்டு மாடுகளைச் சேர்த்துப் பூட்டிய ஏர் இன்று ஒருவருக்கு உழுதது, நாளை அடுத்தவருக்கு. உழவு நாட்கள் மாறி மாறி வந்ததால் நிலத்துண்டுகளும் மாறி மாறி அமைந்தன என்றார்கள் ஓர்வின் தம்பதி. பின்வந்த அறிஞர்கள் இதை எல்லா இடத்துக்கும் பொருத்தத் தயங்கினார்கள். ஆயினும் உழுபவனின் கையிலிருந்தும் மாட்டின் காலிலிருந்தும் வரலாற்றை எழுதிய அந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். இங்கிலாந்தின் பழைய மேய்ச்சல் நிலங்களில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அலை அலையாக மேடும் பள்ளமும் தெரியும்; பல இடங்களில் அவை இரு முனையிலும் எதிரெதிராக வளைந்திருக்கும். ஏரைத் திருப்புவதற்காக மாடுகளை முன்கூட்டியே ஒருபக்கமாக ஒடித்த தடம் அது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வேலி இல்லை. உங்கள் துண்டுக்கும் அடுத்தவர் துண்டுக்கும் நடுவில் ஒரு சால்தான். உழும்போது ஒரு சாண் தள்ளி உழுதால் யாருக்குத் தெரியும்? ஆண்டுக்கு ஒரு சாண் என்றால் பத்தாண்டில் பத்துச் சாண். வரப்பை வெட்டி வெட்டி நகர்த்தும் பங்காளியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் பொதுவான வண்டிப்பாதையையும் புல்கரையையும் உழுது சேர்த்துக்கொள்ளும் ஆசை இன்னும் பெரியது. அங்கே தட்டிக்கேட்கப் பக்கத்துக்காரர்கூடக் கிடையாது.

இதற்குத்தான் கோர்ட் லீட் என்னும் மேனர் (பிரபுவின் பண்ணை) நீதிமன்றம். இடைக்கால இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்தது இது. அளவு குறைத்து விற்ற மதுவுக்கு அபராதம், மேயவந்த மாட்டைப் பட்டியில் அடைப்பது, ஓடை தூர்வாராதவனைக் கண்டிப்பது எல்லாம் அதன் வேலை. மற்ற ஊர்களில் வயலுக்கு வேலி வந்ததும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. லாக்ஸ்டனில் வேலை தீரவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஜூரி நாள். பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, ஃபோர்மேன் தலைமையில் புறப்படும். எல்லாரும் ஊர்க்காரர்கள், இந்த நிலத்தோடு தொடர்புள்ளவர்கள். அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குத்தான் போவார்கள். பயிர் அப்போதுதான் முளைத்துப் பச்சை கட்டியிருக்கும். எது யாருடைய எல்லை, யார் எங்கே மீறி உழுதிருக்கிறார் என்பது கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் பருவம். முன்பு நடந்துபோனார்கள், இப்போது டிராக்டர் பின்னால் டிரெய்லரில் ஏறிப்போய் அங்கங்கே இறங்கி நடக்கிறார்கள். குளிரில், சேற்றில், ஒவ்வொரு துண்டின் முனையாகப் பார்ப்பார்கள். எல்லைக்கம்பு சாய்ந்திருந்தால், காணாமல் போயிருந்தால், புதிதாக ஒரு மரமுளையை அடித்து நிறுத்துவார்கள். பாதையை உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி ஒன்றாகச் சாப்பாடு.

ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடும். கூடும் இடம் ஊரிலுள்ள டவ்கோட் என்ற மதுவிடுதி. பண்ணை உரிமையாளர் சார்பில் ஸ்டூவர்ட் என்னும் நிர்வாகி தலைமை தாங்குவார். பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும். ஜூரி கண்டதைச் சொல்லும், மீறியவருக்கு அபராதம். தொகை சொற்பம். ஆனால் அதைச் சொல்வது யார்? நாளை டிராக்டர் ரிப்பேரானால் நீங்கள் உதவி கேட்டு நிற்கப்போகும் பக்கத்துவீட்டுக்காரர். சொல்லும் இடம் எது? நீங்கள் வாரந்தோறும் உட்காரும் விடுதி. அந்தச் சில பவுண்டு அபராதத்தின் கனம் அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அன்றே சத்தியப்பிரமாணம் செய்துகொள்ளும். இந்த ஆண்டு சோதித்தவருடைய நிலத்தை அடுத்த ஆண்டு வேறொருவர் சோதிப்பார்.

இதை ஒரு பழங்கால வேடிக்கை என்று எண்ணிவிடக்கூடாது. 1977இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி இத்தகைய பழைய நீதிமன்றங்களின் சட்ட அதிகாரத்தை நீக்கியது. சடங்காக வேண்டுமானால் கூடிக்கொள்ளலாம் என்று விட்டது. விதிவிலக்காக அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டது லாக்ஸ்டன் மேனரின் நீதிமன்றம். மற்ற ஊர்களில் நடப்பவை நினைவுச் சடங்குகள். இங்கே நடப்பது தீர்ப்பு.

‘சைக்’ என்று அங்கே ஒரு வகை நிலம் உண்டு. வயலின் நடுவே ஈரம் தங்கும் பள்ளவாக்கு; கனத்த ஏர் இறங்காத இடம்; ஆகவே புல்லாகவே விட்டுவிட்டார்கள். அந்தப் புல் யாருக்கும் தனிச்சொத்தல்ல. கோடையில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அறுத்து உலர்த்திக்கொள்வார். பணம் பொது உரிமை பெற்றவர்களுக்குப் போகும். உரமும் களைக்கொல்லியும் காணாத, கலப்பை படாத அந்தக் கரைகளில் இங்கிலாந்தின் பிற வயல்களில் அழிந்துபோன காட்டுப்பூக்கள் இன்றும் பூக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடங்களாக அரசு அவற்றைப் பாதுகாக்கிறது. யாரும் பூவைக் காப்பாற்ற நினைத்து இதைச் செய்யவில்லை. பொதுநிலத்தை உழுதால் அபராதம் என்ற ஊர்க்கட்டுப்பாடு பூவையும் காப்பாற்றிவிட்டது.

லாக்ஸ்டனைப் பற்றி இவ்வளவு திட்டமாக நமக்குத் தெரிவதற்கு ஒரு வரைபடம் காரணம். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் தோலில் வரைந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான துண்டுகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து, கூடவே எது யாருடையது என்ற பட்டியலையும் தந்திருக்கிறார். வெறும் கோடுகளோடு அவர் நிறுத்தவில்லை. வயலில் ஏர் ஓட்டுபவர்கள், கதிர் அறுப்பவர்கள், மான் துரத்தும் வேட்டைக்காரர்கள் என்று குட்டிக்குட்டி மனிதர்களை வரைந்து வைத்திருக்கிறார். வேலைக்காரர்களைப் பற்றிக் காகிதத்தில் அதிகம் எழுதாத காலத்தில் அவர்களுடைய குனிந்த முதுகையாவது ஒருவர் வரைந்து வைத்தார் என்பது எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

வரையச் சொன்னவர் ஊரின் அன்றைய உரிமையாளர் வில்லியம் கோர்ட்டன். ஃபிளாண்டர்ஸிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி லண்டன் வந்த குடும்பத்தில் பிறந்த பெருவணிகர். பார்படோஸ் தீவில் 1627இல் ஆங்கிலேயர் குடியேறியது இவருடைய பணத்தில். அரசர்களுக்கே கடன் கொடுத்தவர். லாக்ஸ்டனை அளந்த அதே 1635இல்தான், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியக் கடல்வணிகத்தில் இறங்க, சார்லஸ் மன்னரின் ஆதரவோடு ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். அடுத்த ஆண்டு ஜான் வெடல் தலைமையில் புறப்பட்ட அதன் கப்பல்கள் கோவாவுக்கும், கன்னடக் கரையில் பட்கலுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் போயின. கோர்ட்டன் 1636இலேயே இறந்துவிட்டார். முயற்சி நட்டத்தில் முடிந்தது. கம்பெனிக்காரர்கள் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்குவது 1639இல். ஒரே தலைமுறை ஆங்கிலப் பணம்தான் நாட்டிங்ஹாம்ஷயரின் சேற்று வயலையும் நம் கடற்கரையையும் ஒரே சமயத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வாடகை வருமானத்துக்காக கோர்ட்டன் எடுத்த கணக்கு, அவர் நினைத்தே பார்க்காத வகையில் உழவர்களின் ஆவணமாக நிலைத்துவிட்டது.

பிறகு வந்தது வேலியடைப்பு. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஊருக்கு ஆணையர்கள் வருவார்கள், அளப்பார்கள், சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஓரிடத்தில் கொடுப்பார்கள். புதிய பயிர்முறைகளுக்கு அது வழி திறந்தது, பல இடங்களில் விளைச்சல் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அளவைச் செலவும் வேலிச் செலவும் உரிமையாளர் தலையில் விழுந்தன. சிறு நிலக்காரர் பலர் விற்றுவிட்டுப் போனார்கள். பத்திரம் இல்லாமல், வழக்கத்தின் பேரில் ஒரு மாட்டை மேயவிட்டு, விறகு பொறுக்கிப் பிழைத்த குடிசைவாசிக்கு எதுவும் கிடைக்கவில்லை. நார்தாம்ப்டன்ஷயர் ஹெல்ப்ஸ்டனில் 1793இல் பிறந்த ஜான் கிளேர் பண்ணைக்கூலியாக இருந்து கவிஞரானவர். அவர் ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809இல் வந்தது. தான் ஓடித்திரிந்த திறந்தவெளி அடைபட்டதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அந்தத் துயரம் அவர் கவிதைகளில் நிறைந்திருக்கிறது.

லாக்ஸ்டன் எப்படித் தப்பியது? ஊரார் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்ல ஆசைதான். சான்று அப்படிச் சொல்லவில்லை. இங்கே நிலம் முக்கியமாக இரண்டு பெரிய குடும்பங்களிடம் இருந்தது. பெரும்பகுதி தோர்ஸ்பியைச் சேர்ந்த பியர்பாண்ட் குடும்பத்துக்கு, அதாவது பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்களானவர்களுக்கு. மற்றொரு பகுதி ரஃபர்டு பண்ணையாருக்கு. இருவருக்கும் உடன்பாடு எட்டவில்லை. அங்கங்கே துண்டு துண்டாக வேலி புகுந்தது. மூன்று வயல்களின் நடுப்பகுதி மட்டும் தப்பியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பிரபு குறுகிய துண்டுகளை இணைத்துப் பெரிதாக்கினார். ஆகவே இன்று காண்பது இடைக்காலத்தின் அச்சுப்பிரதி அல்ல. வேலியில்லாமல் எஞ்சியிருப்பது சுமார் 480 ஏக்கர். டிராக்டருக்கு ஏற்ற அகலமான துண்டுகள். ஊர் தப்பியது பாதி தற்செயலால். தப்பியபின் நிலைத்தது ஆண்டுதோறும் சேற்றில் இறங்கி நடந்தவர்களால்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய பண்ணைகள் உடையத் தொடங்கின. தனியாருக்கு விற்றால் வயல்கள் ஒரே ஆண்டில் போய்விடும் என்று உணர்ந்து, மேன்வர்ஸ் பிரபு 1952இல் ஊரை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். பழைய முறை காக்கப்படும் என்ற வாக்குறுதியோடு. 1981இல் அது கிரவுன் எஸ்டேட் என்னும் அரசுடைமை நில நிறுவனத்துக்கு மாறியது. அதுவும் பின்னர் விற்க முன்வந்தபோது ஊரில் கலக்கம் மூண்டது. 2020இல் வாங்கியது பழைய தோர்ஸ்பி பண்ணையே. மேன்வர்ஸ் வழியினரின் அறக்கட்டளை. அறுபத்தெட்டு ஆண்டு கழித்து நிலம் அதே குடும்பத்திடம் திரும்பியது.

இவ்வளவு கைமாறியும் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்களே. என் கவலை இங்கேதான். கனத்த களிமண், கட்டுப்பட்ட பயிர்ச்சுழற்சி, சிதறிய துண்டுகள். இதில் சிறிய பண்ணையை நடத்திக் குடும்பம் பிழைக்க முடியுமா? பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால், குத்தகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு மூன்று பெரிய பண்ணைகளாகும். அப்போதும் வேலி இருக்காது, சட்டத்தில் நீதிமன்றமும் இருக்கும். ஆனால் ஒருவரே வயலின் பாதியை உழும்போது யாருடைய எல்லையை யார் சோதிப்பது? ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அதுவும் அந்த மண்ணை உழுது, அந்த எல்லையில் தனக்கும் லாபநட்டம் உள்ள பன்னிரண்டு பேர். பழம்பொருள் காப்பகத்து நிதியால் வரைபடத்தைக் காப்பாற்றலாம், கோட்டை மேட்டைக் காப்பாற்றலாம். பன்னிரண்டு உழவர் குடும்பங்களை ஊரில் வைத்திருக்க வேண்டுமென்றால், அவர்களுடைய குத்தகையும் விளைபொருளின் விலையும் கட்டுபடியாக வேண்டும். லாக்ஸ்டனின் புதிய பழைய உரிமையாளர்களிடமும், பிரிட்டனின் விவசாயக் கொள்கை வகுப்பவர்களிடமும் இந்தக் கேள்வி இப்போது இருக்கிறது.